நீள்கரைப் பேரரசு: ஆதி தத்துவவாதிகளையும் அவர்கள் பள்ளிகளையும் எப்படி அமைப்பது?

#1 கொருக்குப்பேட்டை | சனி, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடும் கதை விளையாட்டுக்காக ஒரு கற்பனைப் பேரரசு கட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் நீள்கரை. கிழக்கே கடல், கரையோரம் ஏழு துறைமுகங்கள், மேற்கே மழை எட்டாத மேட்டு நிலம். கரையில் உப்பும் முத்தும், மேட்டில் தானியமும் மாடும். இரண்டுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாகச் சண்டை. கடைசியில் ஒரு அரசன் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருகிறான். வரைபடம், அரச வம்சம், நாணயம் எல்லாம் தயார்.

தத்துவத்தில் வந்து நின்றுவிட்டேன். இப்போதைக்கு வைத்திருப்பது: பேரரசை நிறுவியவன் அவையில் மூன்று ஞானிகள், ஆளுக்கொரு பள்ளி.

அளவையர். ஆதி ஆசான் உப்பளத்தில் மரக்கால் பிடித்தவர். அளக்க முடிந்ததே மெய், எல்லாருக்கும் ஒரே அளவு என்பதே நீதி.

அலையர். நடப்பது நடந்தே தீரும், மனித முயற்சியால் ஒரு அலையைக்கூட நிறுத்த முடியாது. ஆசான் கடலில் எல்லாவற்றையும் இழந்த மீனவர்.

வித்தினர். மேட்டு நிலத்துப் பள்ளி. உயிர் ஒரு விதை, செய்த செயல் அதற்கு மழை. ஆசான் மாடு மேய்த்த பெண்.

எழுதி வைத்ததைப் படித்தால் மூன்றும் உயிரில்லாமல் கிடக்கின்றன. இவர்கள் நடமாட என்ன செய்யலாம்?

#2 பழவேற்காடு | சனி, இரவு 11:15

முதல் வேலையாக மூன்று பேரையும் அரசன் அவையிலிருந்து வெளியே அனுப்புங்கள். காலத்தையும் மாற்றுங்கள். பேரரசு வருவதற்கு நூறு, இருநூறு வருஷம் முன்னால் அவர்கள் செத்துப்போயிருக்க வேண்டும்.

சீனத்தைப் பாருங்கள். கன்ஃபூசியஸ், மோசி, ஷாங் யாங், ஹான் பெய் என்ற சிந்தனையாளர்கள் எல்லாரும் நாடு துண்டு துண்டாகக் கிடந்து அடித்துக்கொண்ட காலத்து ஆட்கள். சின் அரசன் ஒன்றுபடுத்தியது கி.மு. 221-இல். ஹான் பெய் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே சின் நாட்டுச் சிறையில் இறந்துவிட்டார். அவர் எழுத்தைப் படித்து வியந்த அரசனின் சிறை அது. விஷம் அனுப்பியவர் லி ஸ், அவரோடு ஒரே ஆசானிடம் படித்தவர். அந்த ஆசான் சுன்ஸி, கன்ஃபூசியஸ் வழியைச் சேர்ந்தவர். மனிதனை ஒழுக்கத்தால் பண்படுத்தலாம் என்று போதித்தவரிடம் படித்த இரண்டு பேர், தண்டனையால்தான் நாட்டை ஆள முடியும் என்ற பக்கம் போனார்கள். பள்ளிகளின் கதையை இப்படி ஆட்களின் கதையாகச் சொன்னால்தான் ரத்தம் ஓடும்.

சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங் முடிவு இதைவிடக் கொடுமை. அடையாளச் சீட்டு இல்லாத விருந்தாளிக்கு இடம் கொடுத்தால் சத்திரக்காரனுக்குத் தண்டனை என்று சட்டம் போட்டவர். புதிய அரசனுக்குப் பயந்து ஓடும்போது, சீட்டு இல்லை என்று சத்திரக்காரன் அவரையே உள்ளே விடவில்லை. சிமா சியேன் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. உங்கள் அளவையர் ஆசானுக்கு இப்படி ஒரு ராத்திரி வேண்டும்.

#3 மாம்பலம் | ஞாயிறு, காலை 6:50

இதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே நாட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தால் எவன் உட்கார்ந்து நீதி என்றால் என்ன என்று கேட்கப்போகிறான்? வேலை தேடி அரசவை அரசவையாக அலைகிற ஆட்களுக்குத்தான் தங்கள் சரக்கு அடுத்தவன் சரக்கைவிட ஏன் மேல் என்று சொல்ல வேண்டிய அவசியம் வரும்.

#4 ஓலைச்சுவடி | ஞாயிறு, காலை 8:05

தம்பி, சீனம் வரைக்கும் போகிறோம், சரி. நம் வீட்டுத் திண்ணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மணிமேகலையின் 27-ஆம் காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் (தவசி) வேடத்தில் ஒவ்வொரு வாதியாகச் சந்தித்து "உன் கொள்கை என்ன, சொல்" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி. பத்துப் பேர்.

முப்பது வருஷம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் காதை வறண்டது என்று தள்ளிவிடுவார்கள். எனக்குக் காப்பியத்திலேயே மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. பூதவாதி சொல்வதைக் கேளுங்கள்: ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறக்கிறதே, அதுபோல நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, கூட்டம் கலைந்தால் அதுவும் போய்விடும். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன்னைப் பெற்றவர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்?

இப்போது கவனியுங்கள். அவன் வாதம் நமக்கு எப்படிக் கிடைத்தது? அவனை மறுப்பதற்காக எழுதிய ஒரு பௌத்தக் காப்பியத்தில் கிடைத்தது. கண்ணால் காணும் உலகை மட்டும் நம்பிய உலகாயதர் கையால் எழுதிய முழுநூல் தமிழில் நமக்கு மிஞ்சவில்லை. எல்லாம் ஊழ்வழி என்ற ஆசீவகர் நூல்களும் அழிந்தன. அவர்கள் ஆசான் மற்கலியைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பௌத்தரும் சமணரும் சொன்னது. குண்டலகேசி என்ற பௌத்த நூல் போய்விட்டது. அதை எதிர்த்து எழுந்த சமண நூலான நீலகேசி இருக்கிறது. அதன் உரையிலும் பிற நூல்களிலும் சிதறிக் கிடப்பதை வைத்துத்தான் போன நூலைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்கிறோம்.

ஆகவே என் யோசனை: நீள்கரையின் மூன்று பள்ளிகளில் ஒன்றின் நூல்கள் முழுக்க அழிந்திருக்கட்டும். ஆடுகிறவர்கள் கையில் கிடைப்பது எதிராளி எழுதிய மறுப்பு மட்டும். "அவர்கள் இப்படி உளறுவார்கள்" என்று அவன் எழுதியதற்குள்ளிருந்து, உண்மையில் என்ன சொன்னார்கள் என்று தோண்டி எடுக்க வேண்டும்.

#5 கொருக்குப்பேட்டை | ஞாயிறு, காலை 9:30

ஐயா, இதைப் படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை. அலையர்தான் அழிந்த பள்ளி என்று முடிவு செய்துவிட்டேன். மறுப்பு எழுதியவர் வித்தினர்.

ஆசான்களுக்குப் பெயர் வேண்டாம் என்றும் தோன்றுகிறது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார் என்று புலவர்களை அவர்கள் பாடிய சொல்லாலேயே அழைக்கிறோம் இல்லையா. அதேபோல மரக்காலார், திரும்பா அலையார், கொட்டில் அம்மை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இது போதுமா?

#6 விளையாட்டுமேசை | ஞாயிறு, காலை 10:10

ஒரு எதிர்க்கருத்து சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. பத்து வருஷத்துக்கு மேல இந்த மாதிரி விளையாட்டு நடத்துறேன். மேசையில உட்கார்றவங்க யாரும் தத்துவ வரலாறு படிக்க வரல. அளவையர் பள்ளியில சேர்ந்தா என் பாத்திரத்துக்கு என்ன கிடைக்கும், என்ன செய்யக்கூடாது, யார் எனக்கு எதிரி, இதைத்தான் கேட்பாங்க. நீங்க இருபது பக்கம் எழுதி வெச்சா முதல் பக்கத்தோட மூடிடுவாங்க. கொள்கை ஒண்ணு ஆட்டத்துல ஒரு முடிவை மாத்தலைன்னா அது இருக்கிறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்.

#7 ஏழுகிணறு | ஞாயிறு, காலை 11:45

விளையாட்டுமேசை கேட்பது சரியான கேள்வி. அதற்கான விடை வாதங்களில் கிடைக்காது, சோற்றில் கிடைக்கும்.

நான் இருக்கும் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர் பாடல் ஒரு வரிகூடத் தெரியாதவர்களுக்கும் வடலூர் அடுப்பு தெரியும். 1867-இல் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணையவில்லை, வருகிற யாருக்கும் சோறு. பசித்தவனுக்குச் சாதி கேட்காமல் சோறு போடுவது என்பது அங்கே கொள்கை விளக்கத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் பின்குறிப்பு இல்லை. கொள்கையே அதுதான். அவர் பாடல்களான அருட்பாவை எதிர்த்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்பியது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவரும் இறந்த பிறகும் சீடர்கள் விடவில்லை, சென்னையில் மேடை போட்டு அருட்பாவா மருட்பாவா என்று வாதாடினார்கள்.

கொருக்குப்பேட்டைக்கு என் கேள்விகள். மரக்காலார் பள்ளியில் மாணவனுக்கு யார் சோறு போடுகிறார்கள்? உப்பு வணிகர்களா? அப்படியானால் உப்பு விலையைப் பற்றி அவர்கள் பள்ளி வாய் திறக்குமா? கொட்டில் அம்மை பெண். அவருக்குப் பிறகு பள்ளித் தலைமை பெண்களிடமே இருந்ததா, எந்தத் தலைமுறையில் பறித்தார்கள்? அலையர் வீட்டில் பெண் எடுக்க வித்தினர் சம்மதிப்பார்களா? இவற்றுக்கு விடை எழுதினால் விளையாட்டுமேசை கேட்ட "யார் எனக்கு எதிரி" தானாக வந்துவிடும்.

#8 திருமழிசை | ஞாயிறு, மதியம் 1:20

ஏழுகிணறு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த இழையில் எல்லாரும் ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் நடக்கும் சண்டையையே பேசுகிறோம். பெரிய சண்டை பள்ளிக்கு உள்ளே வரும்.

நான் வைணவக் குடும்பம். ராமானுஜரை ஆசாரியராகக் கொண்டவர்கள்தான் வடகலையும் தென்கலையும். இறைவனைப் பற்றிக்கொள்ள உயிரும் கொஞ்சம் முயல வேண்டும், தாயைக் கட்டிக்கொள்ளும் குரங்குக் குட்டி போல என்றார்கள் ஒரு சாரார். பூனை தன் குட்டியைக் கவ்விப் போவதைப் போல அவனே தூக்கிப் போவான், நாம் தடுக்காமல் இருந்தால் போதும் என்றார்கள் மறு சாரார். பேதங்கள் பதினெட்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றில் சிலது அவ்வளவு நுணுக்கம், வெளியாளுக்கு விளக்க அரை நாள் ஆகும். ஆனால் காஞ்சி வரதராஜர் கோயிலில் யார் முதலில் பாடுவது என்ற வழக்கு நம் காலத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு பக்கமும் அழகான சிந்தனை, அதைப் படிக்கிறவர்களைவிட வழக்கு நடத்துகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அளவையரை இரண்டாக உடையுங்கள். அளவு உலகத்திலேயே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு கிளை. அளவு மனிதர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று இன்னொரு கிளை. அரசன் மரக்காலைப் பெரிதாக்கினால் முதல் கிளை "பொய்" என்று எழுந்து நிற்கும். இரண்டாவது கிளை "யாரைக் கேட்டுச் செய்தாய்" என்று எழுந்து நிற்கும். இரண்டும் கலகம்தான், ஆனால் கலகக்காரர்கள் ஒருவரோடொருவர் சேர மாட்டார்கள்.

#9 பழவேற்காடு | ஞாயிறு, மதியம் 2:05

அருமை. சின் பேரரசும் முதலில் செய்தது நிறை, அளவு, எழுத்து, வண்டி அச்சின் அகலம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியதுதான். நீள்கரை அரசனுக்கு அளவையர் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அவர்கள் கொள்கை உண்மை என்பதால் அவன் அவர்களை எடுக்கவில்லை. ஏழு துறைமுகத்திலும் வரி வாங்க ஒரே மரக்கால் வேண்டும், அதைச் சுமந்து போக ஆள் வேண்டும்.

இன்னொன்று, மோசியின் சீடர்கள். எல்லாரையும் சமமாக நேசிக்க வேண்டும் என்றவர்கள், அதனாலேயே கோட்டை காப்பதில் பெரிய வல்லுநர்கள். பெரிய நாடு சின்ன நாட்டைத் தாக்கினால் காக்கக் கிளம்பிவிடுவார்கள். பேரரசு வந்து, சின்ன நாடுகள் இல்லாமல் போன பிறகு அந்தப் பள்ளியும் மெல்ல மறைந்தது. செய்து வந்த வேலை போனதும் பள்ளி போனது என்றுதான் நான் படிக்கிறேன்.

#10 விளையாட்டுமேசை | ஞாயிறு, மாலை 4:30

இப்ப எனக்குச் சூடு பிடிக்குது. மரக்கால் பெருசாகிற காட்சியை நான் நாளைக்கே நடத்துவேன். வாதம் மட்டுமே ஆயுதமா ஒரு முழு ஆட்டம் நடத்த முடியுமா? அதுக்கு நிஜத்துல ஏதாவது சம்பவம் இருக்கா?

#11 மாம்பலம் | ஞாயிறு, மாலை 5:15

இருக்கிறது. கி.மு. 155-இல் ஏதென்ஸ் நகரம் ரோமுக்கு மூன்று தத்துவவாதிகளைத் தூது அனுப்பியது. ஓரோபஸ் என்ற ஊரைச் சூறையாடியதற்காக விதித்த 500 டேலண்ட் (வெள்ளி எடை அளவு) அபராதத்தைக் குறைக்கச் சொல்லி. கார்னியாடிஸ், பாபிலோன் டயோஜெனிஸ், கிரிடோலாஸ். மூவரும் மூன்று வேறு பள்ளி. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கார்னியாடிஸ் ரோமாபுரி இளைஞர்கள் முன் ஒரு நாள் நீதியைப் புகழ்ந்து பேசினார், மறுநாள் அதே நீதியைக் கிழித்துப் பேசினார். ஊரே மயங்கிவிட்டது. மூத்த கேட்டோ என்ற ரோம அரசியல்வாதி பதறிப்போய், இவர்கள் காரியத்தைச் சீக்கிரம் முடித்து ஊருக்கு அனுப்புங்கள், நம் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று செனட்டில் நெருக்கினார். அபராதமும் குறைந்தது.

ஆடுகிறவர்கள் மூன்று பள்ளியைச் சேர்ந்த மூன்று தூதர்கள். தங்களுக்குள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஆனால் ஒரே ஊருக்காகப் பேச வேண்டும். இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

#12 ஓலைச்சுவடி | ஞாயிறு, இரவு 7:40

விளையாட்டுமேசைக்கு இன்னொரு அளவுகோல் தருகிறேன். சாவு வீட்டில் பள்ளிகளை நிறுத்திப் பாருங்கள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் சுடுகிறவர்கள், வெளியே போட்டுவிடுகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைக்கிறவர்கள், தாழியில் கவிக்கிறவர்கள் என்று ஒரே சுடுகாட்டில் ஐந்து வழக்கம் வருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கின்றன. தாழியில் மனிதரை வைத்த வழக்கம் அங்கே கண்ணெதிரே நிற்கும். கொள்கை புத்தகத்தில் இருக்கும் வரை ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. அப்பா அளவையர், அம்மா அலையர், மூத்த மகன் வித்தினரிடம் சேர்ந்தவன், அப்பா இறந்துவிட்டார். உடலை என்ன செய்வது? அந்த ஒரு பகல் போதும், மூன்று பள்ளியும் தெரிந்துவிடும்.

#13 கொருக்குப்பேட்டை | திங்கள், இரவு 11:20

வேலையிலிருந்து வந்து நேராக எழுத உட்கார்ந்தேன். மாற்றியமைத்தது கீழே. அடித்துத் துவையுங்கள்.

பேரரசுக்கு நூற்றைம்பது வருஷம் முன் மூன்று ஆசான்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மரக்காலார் உப்பளக் கூலியாள். முதலாளி வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்ததை ஊரறியச் சொல்லி உதைபட்டவர். அவர் கோபம்தான் பள்ளியானது. மூன்றாம் தலைமுறையில் அந்தப் பள்ளிக்கே உப்பு வணிகர் சோறு போடுகிறார்கள். பேரரசன் அவர்களைத் துறைமுகக் கணக்கர்களாக்குகிறான். மரக்காலாரின் பெயரால் மரக்கால் பெரிதாக்கப்படுகிறது. பள்ளி உடைகிறது, திருமழிசை சொன்ன இரண்டு கிளைகளாக.

கொட்டில் அம்மை எதுவும் எழுதவில்லை. கறவை நேரத்தில் கேட்டவர்களுக்குச் சொன்னார். நான்காம் தலைமுறை வரை தலைமை பெண்களிடம். மேட்டு நிலத்தைப் பேரரசு பிடித்த பிறகு, அரசவையில் பேச ஆண் வேண்டும் என்ற சாக்கில் கைமாறுகிறது. அம்மையின் சொற்களை அப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறார்கள், எழுதியவர்கள் ஆண்கள். கொட்டில்களில் இன்னும் வேறு மாதிரிச் சொல்லும் கிழவிகள் உண்டு.

திரும்பா அலையாரின் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. வித்தினர் எழுதிய மறுப்பில், முயற்சி வீண் என்று சொல்லி மக்களைச் சோம்பேறியாக்கியவர்கள் என்று வருகிறது. அலையர் உடலைக் கடலில் விடுகிறவர்கள், வித்தினர் மண்ணில் புதைத்து மேலே மரம் நடுகிறவர்கள், அளவையர் எரித்துச் சாம்பலை நிறுத்து எழுதி வைக்கிறவர்கள்.

#14 ஏழுகிணறு | செவ்வாய், காலை 7:10

கொட்டில் கிழவிகளுக்காக நன்றி. அவர்களை ஆட்டத்தில் கண்டிப்பாகப் பேச விடுங்கள், வெறும் குறிப்பாக விட்டுவிடாதீர்கள்.

அலையரைப் பற்றி மட்டும் ஒரு குறை. சோம்பேறிகள் என்று எதிராளி சொன்னதைத் தாண்டி நீங்களும் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆடுகிறவர்கள் தோண்டினால் அடியில் ஏதாவது இருக்க வேண்டாமா?

#15 ஓலைச்சுவடி | செவ்வாய், காலை 9:00

அம்மா கேட்டதற்கு ஆசீவகரே வழி காட்டுவார்கள். எல்லாம் ஊழ்வழி என்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கடும் தவம் செய்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐந்து அணு என்றார்கள். பிறப்பைக் கருமை முதல் வெண்மை வரை ஆறு நிறமாகப் பகுத்தார்கள். அசோகர் தம் ஆட்சியின் 12-ஆம் ஆண்டில் பராபர் மலையில் அவர்களுக்குக் குகை கொடுத்தார். பேரன் தசரதன் நாகார்ஜுனி மலையில் கொடுத்தான். பளிங்குபோல் வழவழப்பாக்கிய சுவர்கள். பிற்காலத்தில் யாரோ அந்தக் கல்வெட்டுகளில் ஆசீவகர் என்ற பெயரை மட்டும் உளியால் கொத்தியிருக்கிறார்கள். அசோகருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆசுவிகள், அதாவது ஆசீவகர், பேரில் ஒரு வரி வருகிறது. வடக்கே பெயர் தேய்ந்த பிறகும் இங்கே வரி வாங்கும் அளவுக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

என் ஊகம் இது. அலை திரும்பாது என்று நம்புகிறவன் கடலுக்குப் போக அஞ்ச மாட்டான். சாவு குறித்த நாளில்தான் வரும் என்றால் புயலில் தவிக்கும் அடுத்தவன் படகை நோக்கி அவன்தான் முதலில் துடுப்பு போடுவான். எதிராளி அதை எழுதியிருக்க மாட்டான்.

#16 கொருக்குப்பேட்டை | செவ்வாய், இரவு 10:05

ஐயா, அலையர் முடிந்தார்கள் என்று நினைத்திருந்தேன், இப்போதுதான் தொடங்குகிறார்கள். ஏழு துறைமுகத்திலும் புயலில் ஆள் மீட்கும் படகுக் குழுக்கள் உண்டு, யார் தொடங்கினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நூல் எரிந்துவிட்டது, வேலை நடக்கிறது. பெயரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு தடயம்: கலங்கரை விளக்கின் அடியில் கொத்திய கல், பிறகு வரிப் புத்தகத்தில் "அலையர் பேரில் காசு" என்று ஒரு வரி.

ஞாயிறு ஆட்டம் அந்த வரிப் புத்தகத்திலிருந்து தொடங்கும். வரி வாங்கப் போகிறவன் அளவையர் பள்ளிக் கணக்கன். அதை யார் எடுக்கிறீர்கள்?

#17 விளையாட்டுமேசை | செவ்வாய், இரவு 10:20

நான் எடுக்கிறேன். மரக்கால் ஒப்பந்தம்னு சொல்ற கிளை. கல்லைக் கொத்தச் சொன்ன உத்தரவு எங்க பள்ளி அலுவலகத்துல இருந்து போயிருக்கணும், அதை என் ஆள் பாதி ஆட்டத்துலதான் கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் எனக்கே சொல்லாதீங்க, உத்தரவுல யார் முத்திரைன்னு நீங்க மட்டும் முடிவு பண்ணி வைங்க.